பிளஷருக்கு ஊற்றிய ஒசத்தி ஆயில்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியோ பழைய கார்களுக்கு வந்துவிடுகிறது. எங்க ஊட்டுல அந்த வண்டி இருந்துச்சு, எங்க பெரியப்பா இந்த வண்டி வெச்சிருந்தாரு என்று ஆளாளுக்கு அளந்துவிடுகிறீர்கள். நான் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கார். நான் பார்க்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. அதைப் பற்றி நான் பேசாததற்குக் காரணம் வெட்கம். அந்தக் காரின் எஞ்சின் ஆயிலைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டார் ஒரு மனுஷனைத் திருடன் என்றார்கள். அந்த மனுஷன் என் தாய்மாமன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம். பட்டுப் புடவை ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படிக் கூப்பிடுவது? நைனாவுக்கு நெல் வயல் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், பொன்னேரியில் வயசான டாக்டர் ஒருவர் கண் மங்கிப்போய்க் காரை விற்றபோது வாங்கிவிட்டார். ஊரில் யாரும் அதைக் கார் என்று சொன்னதில்லை. பிளஷர் என்பார்கள். "பிளஷர் வருது, மாட்ட ஓரம் கட்டு" என்று சத்தம் கேட்டால் நான் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

உள்ளே எப்போதும் ஒரு வாசனை. தோல் சீட்டு, பெட்ரோல், டாக்டருடைய பழைய மருந்துப் பெட்டி எல்லாம் கலந்தது. கதவைச் சாத்தினால் நெல் மூட்டையை இறக்கிப் போட்டது போலத் 'தொப்' என்று கேட்கும். திரும்பும்போது கதவோரத்திலிருந்து சிவப்பாக ஒரு சின்னக் கை வெளியே நீட்டும். இந்தக் காலத்துக் கார்களில் விளக்குதானே மினுக்குகிறது, அந்தக் கார் நிஜமாகவே கையைக் காட்டும். சில நாள் நீட்டின கை மடங்காது. அப்போது மாமா ஓட்டிக்கொண்டே வெளியே கையை விட்டு அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடம்பத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊர். தன் அப்பா அம்மா போனபிறகு அக்கா வீடே கதி என்று வந்துவிட்டார். அக்கா புருஷனை அவரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். நைனா நல்ல மூடில் இருந்தால் 'மச்சான்' என்பார், கோபத்தில் 'டேய்' என்பார். லைசென்ஸ் எடுத்து பிளஷரை ஓட்டியதும் அவர்தான், குளிப்பாட்டியதும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். கிரீஸ் அடிக்கிற பீச்சாங்குழலை ஒவ்வொரு மூட்டிலும் வைத்து அழுத்துவார். மூட்டின் ஓரத்திலிருந்து பழைய கிரீஸ் அழுக்காக, முறுக்கு பிழிந்த மாதிரி வெளியே வரும். புதுசு எட்டிப் பார்க்கும்வரை விடமாட்டார். நீள மூக்கு வைத்த பித்தளைக் குப்பி ஒன்று உண்டு. கதவுக் கீல், அந்தச் சிவப்புக் கை, பானட் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார். ஆயில் மாற்றும் நாள் ஊருக்கே தெரிந்துவிடும். எஞ்சினைச் சூடாக்கி, அடி நட்டைக் கழற்றி, கறுப்பாக இறங்குவதை இரும்புச் சட்டியில் பிடிப்பார். அதற்குள் கொட்டாங்கச்சியும் டால்டா டப்பாவுமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். மாட்டுவண்டி அச்சுக்கு ஒருவர், கரையான் பிடித்த கதவுக்கு ஒருவர். எங்கள் ஊர் வாசற்கதவுகளில் பாதிக்கு மேல் எங்கள் பிளஷரின் கழிவு ஆயில்தான் பூசியிருந்தது.

நைனா யாரையும் நம்பமாட்டார். அதைக் கெட்ட குணம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, சாமர்த்தியம் என்றார்கள். விதைநெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். மண்ணெண்ணெயை மோந்து பார்ப்பார். கடையில் நிறுத்து வாங்கினதை வீட்டுத் தராசில் மறுபடி போடுவார். பிளஷர் வந்தபிறகு காலையில் பல் விளக்கினதும் பானட்டைத் தூக்கி ஆயில் கம்பியை உருவுவார். எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கிற கம்பி. துடைத்து, விட்டு, மறுபடி உருவி, வெயிலில் பிடித்துப் பார்த்தபிறகுதான் காபி. "எண்ண அளவு குறஞ்சா எஞ்சின் கத கந்தல்" என்று எல்லோரிடமும் சொல்லுவார். வண்டிக்கு அவர் அறிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்தது. ரோடு முழுக்க லாரி, கம்பி, புழுதி. ஒரு கம்பெனி மேனேஜர் நிலம் பார்க்க எங்கள் பக்கம் வருவார். சொந்தக் கார், டெர்லின் சட்டை. அவர் ஒருநாள் நைனாவிடம், எங்கள் கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் இப்போது புது மாதிரி ஆயில், ரொம்ப ஒசத்தி, எஞ்சினை அப்படியே காப்பாற்றும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை பிளஷருக்கு லாரி ஷெட்டில் கிடைக்கிற சாதா ஆயில்தான்.

"மச்சான், நம்ம வண்டிக்கும் அந்த ஒசத்தி ஆயிலே வோணும். எங்க கெடைக்கும் பாரு."

மாமாவுக்கு அது பெரிய காரியம் இல்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் பழவேற்காட்டுப் பாய் ஒருவர் ஆயில் கடை வைத்திருந்தார். கடை புதுசு, பாய்க்கும் மாமா வயசுதான் இருக்கும். இரண்டு பேரும் சிநேகம். கடைவாசலில் டிரம் மேல் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம். பெருநாளைக்குப் பாய் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தூக்கு பிரியாணி வரும். பாய் புது டிரம்மை உடைத்து, கைப்பம்பால் அடித்து, மாமா கொண்டுபோன டின்னில் பிடித்துக் கொடுத்தார்.

நைனா பார்க்கப் பார்க்கத்தான் மாமா அதை எஞ்சினில் ஊற்றினார். தேன் மாதிரி இருந்தது. நிஜமாகவே தேன் மாதிரி. நான் தொட்டு நக்கப் போய் அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் நைனா ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். தபால்காரருக்குக் காட்டினார். அறுப்புக்கு வந்தவர்களுக்கும் காட்டினார். "தேனு கணக்கா இல்ல?" என்பார். அவர்களும் பாவம், ஆமாங்க என்பார்கள்.

அடுத்த வாரம் கடம்பத்தூரில் அம்மாவின் சொந்தத்தில் கல்யாணம். பிளஷரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டார்கள். அறுப்பு வேலையை விட்டு நைனா நகர முடியவில்லை. மாமா மட்டும் வண்டியை எடுத்துப்போய், ஊர் ஊராகச் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கி, கல்யாணம் முடிந்து திரும்பினார். வண்டி முழுக்கச் செவ்வந்தி இதழ். அதை நானும் மாமாவும் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மேனேஜர் வந்து இறங்கினார்.

நைனா அவரை வா என்று கூடச் சரியாகச் சொல்லவில்லை. நேரே பிளஷரிடம் அழைத்துப்போனார். அன்று காலை அறுப்புக்குப் போன அவசரத்தில் அவர் கம்பியைப் பார்த்திருக்கவில்லை.

"நீங்க சொன்ன ஆயில்தான் சார் ஊத்திக்கினு கீறோம். பாருங்க, தேனு கணக்கா கீது" என்று சொல்லிக்கொண்டே கம்பியை உருவினார்.

கம்பி கறுப்பாக வந்தது. தார் மாதிரி கறுப்பு. ஒரு சொட்டு அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"என்னங்க இது? புது ஆயில்னு சொன்னீங்க?" என்றார் மேனேஜர்.

"போன வாரம் ஊத்துனது சார். நடுவுல கடம்பத்தூர் கல்யாணத்துக்குப் போயி வந்துச்சு."

மேனேஜர் சிரித்துவிட்டார். "வண்டி வெளியூர் போச்சா? அப்படிச் சொல்லுங்க. டிரைவருங்க வேலை சார் இது. நல்ல ஆயிலை இறக்கி வித்துட்டு எரிஞ்ச ஆயிலை ஊத்தி வெச்சுடுவானுங்க. நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

மாமா பக்கத்தில்தான் நின்றார், தோளில் துடைக்கிற துணியோடு. மேனேஜருக்கு அவர் யாரென்று தெரியாது, கூலிக்கு வைத்த டிரைவர் என்று நினைத்துவிட்டார். இவன் என் மச்சான், என் பெண்டாட்டி கூடப்பிறந்தவன் என்று நைனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேட்டிக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நினைவில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். பெரியவர்கள் எதற்கு வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது அந்த வயசில் புரியவில்லை.

மேனேஜரின் கார் தெருமுனை திரும்பியதும் நைனா ஆரம்பித்தார்.

"எங்கடா வித்தே?"

"இன்னா மாமா சொல்றே? நான் எதுக்கு விக்கப் போறேன்?"

"அப்ப ஆயிலு எப்பிட்றா கறுத்துச்சு? காக்கா வந்து கழுவி ஊத்திக்கினு போச்சா?"

"தெரில மாமா. சத்தியமா தெரில."

அந்தத் 'தெரில'தான் அவருக்கு எமனாக வந்தது. விற்கவில்லை என்று சொன்னவருக்கு, ஏன் கறுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது. பிளஷர் ஓட்டின ஊரில் பிளஷரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரிந்தவன் ஒருவனும் இல்லை. நைனாவுக்குத் தெரிந்ததெல்லாம் நெல்லும் மண்ணெண்ணெயும்தான். நல்ல சரக்கு நிறம் மாறாது, மாறினால் கலப்படம். அந்த அறிவை எஞ்சினுக்கும் போட்டுப் பார்த்தார்.

ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறதே, திருட்டுப் பட்டம் வந்தால் கற்பூரம் அணைத்துச் சத்தியம். மறுநாள் எல்லையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். போகும் வழியெல்லாம் அம்மா மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடுடா. அவரு கைல கால்ல உழுந்து நான் பாத்துக்கறேன். பொய் சத்தியம் மட்டும் வாணாம்டா." மாமா சந்நிதிக்கு முன்னால் போய் நின்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். "நான் எடுக்கல, விக்கல" என்றார். தோல் பொசுங்கின வாசனை கற்பூர வாசனையோடு கலந்து வந்தது. நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

சத்தியம் பண்ணிவிட்டால் அத்தோடு பேச்சு முடிய வேண்டும். அதுதானே வழக்கத்துக்கு அர்த்தம்? நைனா உர்ரென்றிருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் அம்மா மாமாவை உட்கார வைத்துச் சோறு போட்டாள். கையில் கொப்புளம் என்பதால் அவளே பிசைந்து வைத்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"உடுறா. வயசுப் புள்ள, கைல நாலு டப்பு வோணும்னு தோணியிருக்கும். எந்தம்பிதானே எடுத்தே, ஊரானா எடுத்தான்?"

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். மன்னித்துவிட்டாளாம். மாமா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் கொப்புளக் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் அவருடைய டிரங்குப் பெட்டி வீட்டில் இல்லை.

நைனா பேசினதைத் தாங்கியிருப்பார். அக்கா மன்னித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எனக்கு இது புரிவதற்கு நான் கல்யாணமாகி, பேறுகாலம் பார்த்து, தலை நரைக்க வேண்டியிருந்தது. அப்போது நானும்தான் நம்பினேன். மாமா எடுத்திருப்பார், பாவம், அவருக்கும் செலவு இருக்கும் என்று அம்மாவைப் போலவே பெரிய மனசோடு நம்பினேன். தூ!

மாமா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டப் போய்விட்டார். பிளஷருக்கு நைனா கூலிக்கு ஆள் வைத்தார். கறுத்த ஆயிலை இறக்கச் சொல்லிவிட்டு, வேறு கடையில் அதே ஒசத்தி ஆயிலை வாங்கி ஊற்றினார். அதுவும் கறுத்தது. உடனே கூலி டிரைவர் மேல் சந்தேகம், அவனையும் விரட்டினார். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி கறுக்கிறதே, ஒருவேளை ஆளிடம் கோளாறு இல்லையோ என்று ஒரு கணம் யோசித்திருக்கக்கூடாதா? நம் பெரியவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உலகமே திருடனாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வேண்டுதல் வெல்லம் கரைக்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். பாதி வழியில் எஞ்சினுக்குள் உலக்கை போடுவது போல டக் டக் என்று ஒரு சத்தம். அப்புறம் கருகல் நாற்றம். வண்டி நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டது. கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள், சுற்றவே இல்லை. எஞ்சின் ஜாம். வெல்லப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். ஊருக்குத் திரும்பினபோது தீர்ப்பு எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"பாத்தியா, பொய் சத்தியம் பண்ணான். எல்லையம்மா கேட்டுட்டா."

சத்தியம் பண்ணினவரின் லாரி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மன் தண்டித்தது எங்கள் காரை. இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்று ஊற்றின எரிஞ்ச ஆயில்தான் எஞ்சினைத் தின்றுவிட்டது என்று நைனா போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னார். பிளஷர் மாட்டுக் கொட்டகையில் நின்றது. கோழி முட்டை வைத்தது. கடைசியில் கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற பட்டறைக்கு லாரியில் ஏறிப் போனது. இப்போது எவர் வீட்டு மேல்தளத்தில் இருக்கிறதோ.

நான் பெரியவளானபோது மாமா வந்தார். தாய்மாமன் இல்லாமல் பச்சை ஓலை கட்ட முடியாதே, அதற்காக நைனாவே ஆள் விட்டார். சீர்த்தட்டோடு வந்தார், ஓலை கட்டினார், என் விரலில் ஒரு மோதிரம் போட்டார். பந்தலில் நைனா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுவாரம் நைனா அந்த மோதிரத்தை என் விரலிலிருந்து கழற்றி, ஆசாரியிடம் கொடுத்து உரசிப் பார்த்தார். நல்ல தங்கம். "பரவால்லியே" என்றார். அந்தப் 'பரவால்லியே' எப்படியோ கும்மிடிப்பூண்டி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் சாவுக்கு மட்டும்தான் மாமா எங்கள் வாசலை மிதித்தார். நைனா போனபோது ஓரமாக நின்றார். அம்மா போனபோது பிறந்த வீட்டுக் கோடி போர்த்தினார். அழவில்லை. அம்மா கடைசிவரை, "எந்தம்பிதானே எடுத்தான், அதுக்குப் போயி இப்பிடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் பழைய கதை. நான் இப்போது மகனோடு திருவள்ளூரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ரிட்டயர் ஆன ஒரு சார் இருக்கிறார். பழைய கார்ப் பைத்தியம். எங்கிருந்தோ பிளஷர் காலத்து வண்டி ஒன்றைப் பிடித்துவந்து, நாளெல்லாம் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி என்னிடம் வந்து புலம்புவாள். "பேஜாரு தாங்க முடியல அக்கா. ஊட்டுல சமைக்கற எண்ணெய விட வண்டிக்கு ஊத்தற எண்ணெய்தான் அதிகம்."

போன மாசம் துணி உலர்த்தப் போனவளைச் சார் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். கையில் ஆயில் கம்பி. கறுப்பு. "பாத்தீங்களா மேடம், ஊத்தி நாலு நாள் ஆகல, எப்படிக் கறுத்துடுச்சு!" என்று குழந்தை மாதிரி பூரித்துக்கொண்டு நின்றார்.

"யார் சார் ஏமாத்துனது?" என்றேன்.

"ஏமாத்தறதா? வேலை செய்யுது மேடம்! இந்தக் காலத்து ஆயில்ல அழுக்கை எடுக்கிற மருந்து சேர்த்திருப்பாங்க. பழைய எஞ்சின் உள்ள வருஷக்கணக்கா கசடு அப்பிக்கிட்டு இருக்கும். இது போய்க் கழுவி எடுத்துடும். கழுவினா கறுக்கத்தானே செய்யும்? துணி அலசின தண்ணி வெள்ளையா இருந்தா அழுக்குப் போகலைன்னு அர்த்தம்."

சார் நிறுத்துகிற ஆள் இல்லை. "ஆனா ஒண்ணு, சாதா ஆயில்லயே ஓடின பழைய வண்டியில திடீர்னு இதை ஊத்திடக் கூடாது. மொத்தக் கசடும் ஒரேயடியா பேர்ந்து வந்து, கீழே எண்ணெய் உறிஞ்சற சல்லடையை அடைச்சிடும். எண்ணெய் மேல ஏறாது. டக் டக்னு சத்தம் வரும், எஞ்சின் ஜாம். நான் அதனாலதான் மொதல்ல அடித்தட்டைக் கழட்டி வழிச்சு எடுத்துட்டு ஊத்தினேன்."

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து மருமகள் ஓடிவந்து அணைத்தாள். வாங்கினது நைனா சொன்ன ஆயில், அப்போது புதுசாக வந்த இதே மருந்து ஆயில். கறுத்தது வேலை செய்ததால். ஜாம் ஆனதும் நைனா ஊற்றின அதே ஒசத்தி ஆயிலால். மாமாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை. ஒரு மனுஷனின் உள்ளங்கையைப் பொசுக்கி, அதன்பிறகும் அவனைத் திருடன் என்று மன்னித்து, அவன் போட்ட மோதிரத்தை உரசிப் பார்த்த குடும்பத்தின் சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். அந்த மோதிரத்தைத்தான் என் மகள் கல்யாணத்துக்கு அழித்து வேறு நகை பண்ணினேன். எவ்வளவு மானக்கேடு! நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மாமா இருக்கிறார். காலில் விழவாவது ஒருவர் மிச்சம் இருக்கிறாரே என்று மறுநாளே கிளம்பிவிட்டேன்.

இரண்டு ரயில் மாறி மீஞ்சூரில் இறங்கினேன். மாமா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். கரண்ட் உற்பத்தி பண்ணுகிற ஆலையின் சாம்பல் படிந்து வாசல் செடியெல்லாம் வெளுத்திருந்தது. மாமா நாற்காலியில் கூனி உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது.

"யாரு, பாப்பாவா? இன்னா இப்பிடிக் கெழவியாட்டம் ஆயிட்டே!" என்று சிரித்தார்.

மாமி காபி கொண்டுவந்தாள். நான் டம்ளரைத் தொடவில்லை. எல்லாவற்றையும் அவர் காதருகே குனிந்து சொன்னேன். கசடு, மருந்து, சல்லடை, அலசின தண்ணி, சார் சொன்ன எதையும் விடவில்லை. "நீ எடுக்கல மாமா. ஆயில் தன்னாலதான் கறுத்துச்சு. தப்பு எங்களுது. நைனா சார்பாவும் அம்மா சார்பாவும் நான் கேட்டுக்கறேன்" என்று அவர் காலைத் தொட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தீங்களா, சாமி இருக்குது" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எத்தினி வருஷம் மனசுல வெச்சிக்கினு பொழுங்கினீங்க."

மாமா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல நின்றது. இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

"அப்ப அது நல்ல ஆயிலுதானா?"

"ஒசத்தி ஆயில் மாமா. அதனாலதான் கறுத்துச்சு."

"கலப்படம் இல்லியா?"

"இல்ல மாமா."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் பாப்பா. அதுக்கு யாரும் வந்து சொல்ல வோணாம். எடுக்கலன்னா எப்பிடிக் கறுத்துச்சு? ராவும் பகலும் அதே யோசன. பாய்தான் எரிஞ்ச ஆயிலுக்குச் சாயம் கீயம் போட்டு ஏமாத்திட்டான்னு முடிவு பண்ணேன். வேற இன்னா நெனைக்கறது? கோயில்லேந்து வந்த அதே வாரம் பஜாருக்குப் போனேன். அவன் என்னப் பாத்ததும் வா வான்னு டிரம்மத் தொடச்சி எடம் போட்டான். சட்டயப் புட்ச்சி ரோட்ல இஸ்து அட்ச்சேன். கலப்படக்காரன்னு கத்துனேன். லாரிக்காரனுங்க எல்லாம் கூடிட்டானுங்க. அவனுங்களும் பாய்மேல ரெண்டு போட்டானுங்க."

மாமி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாங்க இது? எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லியே?"

மாமா தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அதுக்கப்பறம் அவன் கடைக்கு ஒரு வண்டி போவல. கடைய மூடிட்டு பழவேற்காட்டுக்கே பூட்டான்னு சொன்னாங்க. நான் போய்ப் பாக்கல. அடி வாங்கிக்கினே சத்தியம் பண்ணான் பாப்பா. அல்லா மேல ஆணையா நல்ல சரக்குதான்னான். கையெடுத்துக் கும்புட்டான். எங்கையில கொப்புளம்கூட ஆறல. நான் சத்தியம் பண்ணி யாரும் நம்பலன்னு பொழுங்கிக்கினு இருந்தவன். அவன் பண்ண சத்தியத்த நான் நம்பல."

இத்தனை வருஷம் கழித்து ஒருவருடைய பாரத்தை இறக்கிவைக்கப் போகிறேன் என்று ரயிலேறி வந்தவள் நான். அவர் காலைத் தொட்ட கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். மாமி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"பாய் இப்ப எங்க கீறான்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்றார் மாமா.

"தெரியாது மாமா."

மாமா தலையை ஆட்டினார்.

"ஒங்க நைனா இது தெரியாமயே பூட்டாரு" என்றார். "குடுத்து வெச்சவரு."